முதல் டம்ளர்

மங்கையர்க்கரசி ஆரல்வாய்மொழி ரயில் நிலையத்தில் இறங்கியபோது, மூன்று பேருடைய பிழைப்பைப் பறிக்கும் உத்தரவு அவளுடைய தோள்பையில் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவள் கெட்டவள் அல்ல. காலையில் திருநீறு இடாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதவள். தெருமுனை நாய்க்கு வைக்கும் தண்ணீரைக்கூட வடிகட்டி வைப்பாள். ஆனால் உயரப் பணி வாரியத்தில் பதினெட்டு வருடம் உத்தியோகம் பார்த்தவள். ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் செத்த பிறகுதான் எழுதப்படுகிறது, அதை மீறுகிறவர் செத்தவரை அவமதிக்கிறார் என்று நம்பினாள். அப்படி நம்புகிறவர்கள் உலகத்துக்குத் தேவைதான்.

நிலையத்துக்கு வெளியே வந்ததும் காற்றாலைகள் தெரிந்தன. பழைய காலத்தவை மலையடிவாரத்தில் பிள்ளைகள் மாதிரி நிற்க, புதியவை ஐந்நூறு மீட்டர் உயரத்தில் மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றன. ஊர்க்காரர்கள் இரண்டையுமே காத்தாடி என்றுதான் சொன்னார்கள். அந்த ராட்சத இறக்கைகளில் இடி விழுந்தால் மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். அதை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். இயந்திரச் சிலந்திகளை ஏற்றிப் பார்த்தார்கள். கணவாய்க் காற்று அவற்றைப் பிய்த்து நெல்வயலில் எறிந்தது. ஆகவே மனிதர்கள் ஏறினார்கள்.

ஏறியவர்கள் சில நேரம் மேலே போய் உறைந்துவிடுவார்கள். கை கால் வராது. அப்படி இரண்டு பேர் விழுந்து இறந்த பிறகுதான் பட்டை வந்தது. பிடரியில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு விரல் அகலமுள்ள சாதனம். பயம் உடம்பில் எழும்பும்போதே அதைத் தடவிக்கொடுத்துத் தூங்க வைத்துவிடும். 'நூறு மீட்டருக்கு மேலே பட்டை இயங்காத நிலையில் இருந்தவர் எவராயினும் பணியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவார்' என்பது விதி. அதில் 'எவராயினும்' என்ற சொல்லைச் சேர்த்தவள் மங்கையர்க்கரசிதான்.

பட்டை வந்து ஏழு வருடம் ஆயிற்று. யாரும் உறையவில்லை. ஆனாலும் மாநிலம் முழுவதும் ஒன்பது பேர் விழுந்திருந்தார்கள். ஒன்பது கோப்புகளிலும் காரணம் ஒன்றுதான்: கவனக்குறைவு. ஒரே ஒரு குழுவில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. ஆரல்வாய்மொழிக் குழு. அதனாலேயே வாரியம் அதன் பதிவேட்டை எடுத்துப் பார்த்தது. வேலை நடந்த ஒவ்வொரு நாளும் மூன்று பட்டைகளில் ஒன்று ஊமையாக இருந்தது.

காத்தாடியின் அடியில் மூவரும் காத்திருந்தார்கள். தாணுமாலயன் குழுத்தலைவர், ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, நரைத்த மீசை. பீர்முகம்மது தக்கலைக்காரன், முப்பது இருக்கும், வாய் ஓயாது. செண்பகவல்லிக்கு நாற்பதை ஒட்டிய வயது. தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கியபடி, வந்தவளின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம், சாப்ட்டாச்சா?" என்றார் தாணுமாலயன். "உத்தரவு கொண்டு வந்திருப்பியளே."

"யார் சொன்னது?"

"காத்தாடி பாக்க மட்டும் சென்னையில இருந்து ஆள் வரமாட்டாங்கல்லா."

செண்பகவல்லி ஒரு ஜோடி பூட்ஸை எடுத்து நீட்டினாள். "எனக்குள்ளதுதான். துவச்சு வச்சிருக்கேன். செருப்போட ஏணி ஏறாதீங்க, வழுக்கும்."

மங்கை பூட்ஸை மாட்டிக்கொண்டு, சென்னையிலிருந்து கொண்டு வந்த புத்தம்புதுப் பட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிடரியில் அழுத்தி ஒட்டினாள். உயரத்தில் பட்டை அணிவது அவளுக்கு இதுவே முதல் தடவை. விதியை எழுதியது நாற்காலியில் உட்கார்ந்து.

"இன்னைக்கு பயக்காரி யாரு?" என்று கேட்டான் பீர்முகம்மது.

"நான்தான்" என்றாள் செண்பகவல்லி. தன் பிடரியிலிருந்த பட்டையை எடுத்து, கண்ணில் ஒற்றி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினாள். பீர்முகம்மது ஒரு வார்த்தையும் பேசாமல் அவளுடைய கருவிப்பையையும் சேர்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

மங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கண் முன்னாலேயே கழற்றுறீங்களா?"

"ஒளிச்சுச் செய்யறதுன்னா ஒங்க முதுகுக்குப் பின்னால செஞ்சிருப்போம் மேடம்" என்றார் தாணுமாலயன். "ஒரு தடவ மேல வந்து பாருங்க. பொறவு என்ன வேணும்னாலும் எழுதுங்க."

சரி, நேரடிச் சாட்சியமாகட்டும் என்று மங்கை தலையசைத்தாள்.

கோபுரத்தின் உள்ளே மின்தூக்கி நாலுபேரையும் நெருக்கிக்கொண்டு ஏறியது. தாணுமாலயன் சொல்லத் தொடங்கினார்.

"பட்டை வந்த மொத மாசம். இந்த பீர் இருக்கானே, கயிறே இல்லாம எறக்க மேல நடந்து போனான். அதும் சீட்டி அடிச்சிட்டு."

"நல்ல பாட்டு அண்ணாச்சி அது."

"சும்மா இருல. நான் அத பாத்துட்டே இருந்தேன் மேடம். கயிறு இல்லைன்னு கண்ணுக்குத் தெரியுது. ஆனா மனசு, சரி, கயிறு இல்லன்னு மட்டும் சொல்லுது. காலைல சட்னில உப்பு இல்லைங்கிற மாதிரி. சாயங்காலம் வீட்டுக்குப் போயி பட்டையக் கழட்டினேன். அப்பதான் வந்துது பாருங்க. வாசப்படில அப்படியே ஒக்காந்துட்டேன், காலு ரெண்டும் இல்ல. மறுநாள்ல இருந்து ஒருத்தர் பட்டை இல்லாம ஏறணும்னு வச்சோம். மொறை மாத்தி மாத்தி. அந்த ஆளு எல்லாருக்கும் சேத்துப் பயப்படணும்."

"அவர் சொன்னால்?"

"எறங்குன்னா எறங்கணும். ஏன்னு கேக்கப்படாது. அதான் எங்களுக்குள்ள பேச்சு."

"ஏன் கேட்கக் கூடாது?"

"பயத்துக்குக் காரணம் சொல்லத் தெரியணும்னா அது வாரதுக்கு நேரமாயிரும்லா. காரணம் மெதுவா வரட்டும், கீழ போயி கேட்டுக்கிடலாம்." அவர் சிரித்தார். "பயம் கடவுள் குடுத்தது மேடம். நமக்கு ஆவாதுன்னு மொத்தமா திருப்பிக் குடுத்துட்டா எப்படி?"

மங்கை குறிப்பேட்டைத் திறந்தாள். அழகாகத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தாள். அழகாகப் பேசுகிறவர்கள் விதியை மீறுவதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். நாக்கு வறண்டிருந்தது. மேலே காற்றில் ஈரம் குறைவு, அதனால்தான் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

மின்தூக்கி நின்ற இடத்துக்கு மேலே முப்பது மீட்டர் ஏணி. அதற்கும் மேலே ஒரு கதவு. கதவைத் திறந்ததும், நிறுத்தி வைத்த இறக்கையின் அருகே ஆள் நிற்கும் அகலத்தில் ஒரு தொங்கு தட்டு. ஒவ்வொருவர் இடுப்பிலும் இரண்டு கொக்கிகள். ஏணியிலிருந்து தட்டுக்குப் போகும்போது ஒன்றைக் கழற்றித் தட்டின் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். மங்கை அதை மனப்பாடமாக அறிவாள். கையேடும் அவள் எழுதியதுதான்.

அவள் தட்டில் கால் வைத்தாள். கீழே கன்னியாகுமரிச் சாலை ஒரு நூல் மாதிரி கிடந்தது. தொலைவில் கடல் வெள்ளித்தகடாக மின்னியது. முழங்கால் தன்பாட்டுக்கு ஆடுவதை அவள் கவனித்தாள். தட்டு ஆடுகிறது என்று நினைத்தாள். உள்ளங்கை நசநசவென்றிருந்தது. கையுறையின் குறை என்று நினைத்தாள். பட்டைதான் இருக்கிறதே, இது பயமாக இருக்க முடியாதே.

வேலை தொடங்கியது. தாணுமாலயன் கையுறையைக் கழற்றிவிட்டு, உடம்பின் பாதி வெளியே தொங்க, இறக்கையின் விளிம்பைக் குழந்தையின் முதுகைத் தடவுவது போலத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. பீர்முகம்மது அங்கே பசையை அடைத்தான். இருவர் முகத்திலும் கோயில் குளத்தில் கால் நனைத்துக்கொண்டிருப்பவர்களின் அமைதி. செண்பகவல்லி மட்டும் வெளுத்துப் போயிருந்தாள். உதடு துடித்தது. ஆனால் அவள் கண்கள் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கயிறு, முடிச்சு, மேகம், தாணுமாலயனின் குதிகால், பீரின் இடுப்பு என்று வீட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவள் மாதிரி எண்ணிக்கொண்டே இருந்தாள். மங்கைக்கு அந்த முகத்திலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை. இவ்வளவு பயத்தோடு ஒருத்தி இவ்வளவு உயரத்தில் நிற்க முடியுமா?

விளிம்போரமாக முடுக்க வேண்டிய நாலு திருகாணிகளில் இன்னும் இரண்டுதான் பாக்கி. மேகம் விலகி வானம் துடைத்து விட்டது போலிருந்தது. காற்றுமானி பச்சை காட்டியது.

செண்பகவல்லி நகர்ந்து மங்கையின் அருகே வந்தாள். "காலர் மடங்கியிருக்கு மேடம்" என்று சொல்லி, ஒரு கையால் அவள் கழுத்தோரத்தைச் சரிசெய்தாள். இன்னொரு கை இடுப்பில் பட்டது. ஏதோ ஒரு சின்னச் சத்தம். பிறகு மங்கையின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் இறுக்கமாகப் பிடித்திருந்தது.

"அண்ணாச்சி, எறங்குவோம்."

தாணுமாலயன் பாதி திருகிய ஆணியை அப்படியே விட்டார். பீர்முகம்மது பசை டப்பாவை மூடினான். ஒரு கேள்வி இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை.

"இன்னும் இரண்டுதானே இருக்கு?" என்றாள் மங்கை. "எல்லா அளவும் சரியாக இருக்கிறதே!"

"இருக்கட்டும் மேடம். நாளைக்கும் இரும்பு அங்கதான் இருக்கும்" என்றார் தாணுமாலயன்.

கீழே வந்தார்கள். மங்கை நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள். இடி இடிக்கவில்லை. இறக்கை முறியவில்லை. அரைமணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றுமே நடக்கவில்லை. இந்தக் காத்தாடி இன்னொரு நாள் ஓடாமல் வீணாக நிற்கப் போகிறது.

"ஒன்றும் ஆகவில்லையே" என்றாள் சற்றுக் குத்தலாக.

"பத்துல ஒம்பது தடவ ஒண்ணும் ஆவாது மேடம்" என்றான் பீர்முகம்மது. "பத்தாவதுக்காவத்தான இம்புட்டும். நம்ம அக்கா ஒரு தடவ காக்கா பறந்துதுன்னு எறக்கி விட்டுட்டாவ."

"அது பருந்துல."

"காக்காதான். நான் பட்டை போட்டிருந்தேன், நிதானமாப் பாத்தேன்."

செண்பகவல்லி அவன் தோளில் ஒன்று போட்டாள். நிழலில் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார்கள். முதல் டம்ளர் பயக்காரருக்கு; அவர் ஒரு வாய் குடித்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். அதுவும் அவர்கள் வழக்கம். தாணுமாலயன் ஊற்றி நீட்டிய டம்ளரை வாங்கிய செண்பகவல்லி, அதை அப்படியே மங்கையின் பக்கம் நகர்த்தினாள். "நீங்க குடிங்க மேடம்." மூன்று பேரும் காத்திருந்தார்கள். விருந்தாளி உபசாரம் என்று எண்ணி மங்கை குடித்தாள். சர்க்கரை கூடுதலாக இருந்தது. அது ஏனோ மிகவும் தேவையாகவும் இருந்தது.

பிற்பகலில் பயணியர் விடுதி அறையில் உட்கார்ந்து உத்தரவை எடுத்து வைத்தாள். இணைப்பாக அன்றைய பதிவுகளைச் சேர்க்க வேண்டும். முதலில் தன் பட்டையைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். ஏதோ சரசரத்தது.

திருப்பிப் பார்த்தாள். தோலில் பட வேண்டிய பக்கத்தில் மெல்லிய கண்ணாடித்தாள் ஒட்டியபடியே இருந்தது. புதுப் பொருளில் வரும் பாதுகாப்புத் தாள். அவள் அதை உரிக்கவே இல்லை. பசை ஓரத்தில் மட்டும் தோலைப் பிடித்திருக்கிறது. ஒரு மூலை மடங்கிக் காற்றில் அடித்துக் கசங்கியிருந்தது. பதிவைத் திறந்தாள். ஒரே வரி: தொடர்பு இல்லை.

அடுத்து கொக்கிகளின் பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு கொக்கியும் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று நொடிவாரியாகக் காட்டும் பதிவு. பார்வையாளர், முதல் கொக்கி: பதினொன்று பதினான்கிலிருந்து திறந்த நிலை. பார்வையாளர், இரண்டாம் கொக்கி: பதினொன்று பதினான்கிலிருந்து திறந்த நிலை.

ஆறு நிமிடம். ஐந்நூறு மீட்டர் உயரத்தில், ஆறு நிமிடம், அவளைப் பூமியோடு எதுவும் இணைத்திருக்கவில்லை. பதினொன்று இருபதுக்கு முதல் கொக்கி மூடியது. அதே நிமிடம்தான் செண்பகவல்லி இறங்குவோம் என்றாள்.

மங்கை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு காலும் இல்லாதது போலிருந்தது. வாய் தன்பாட்டுக்கு இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் காத்தாடியின் அடிக்குத் திரும்பி வந்தபோது மூவரும் கயிறுகளை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் அந்தக் கண்ணாடித்தாளைப் பார்த்ததும் செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது.

"ஒங்க கை கொக்கிய மாட்டுற மாதிரி பண்ணுச்சு மேடம். ஆனா மாட்டல. பயத்துல கை அப்படித்தான் ஏமாத்தும். ஒங்க கழுத்துல தாளு படபடன்னு அடிக்கவும் அதப் பாத்தேன். அப்பத்தான் கொக்கியப் பாத்தேன்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"மேல வச்சுச் சொன்னா உசுரு போயிரும். கீழ வச்சுச் சொன்னா மானம் போயிரும். எதுக்கு? நல்லபடியா எறங்கியாச்சு."

பீர்முகம்மது கயிற்றைக் கீழே வைத்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "நான் ஒங்க பக்கத்துலதான நின்னேன் மேடம். கொக்கி தொறந்திருந்தத நானும் பாத்தேன். நல்லாப் பாத்தேன். எனக்கு அது ஒண்ணுமாப் படல. மன்னிச்சுக்கிடுங்க."

ஒன்பது கோப்புகளும் மங்கையின் கண்முன் வந்து நின்றன. கவனக்குறைவு அல்ல. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது யாருக்கும் உறைக்கவில்லை.

"விழுந்த ஒம்பது பேருல அஞ்சாவது ஆளு எங்க வீட்டுக்காரர்" என்றாள் செண்பகவல்லி, ஈரக்கயிற்றைப் பிழிந்துகொண்டே. "வேற குழு. கூட மூணு பேரு நின்னாங்க, மூணு பேரு கழுத்துலயும் பட்டை. விழும்போது சத்தங்கூடப் போடலையாம். அப்புறந்தான் அண்ணாச்சிகிட்ட வந்து வேலை கேட்டேன். இங்க ஒருத்தர் பயப்படுவாங்கன்னு சொன்னாங்க. அது போதும்னு வந்தேன்."

மங்கை கண்ணாடித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "நான் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிவிடட்டுமா? நீங்கள் உங்கள் போக்கில் ஏறிக்கொண்டிருக்கலாம்."

தாணுமாலயன் தலையை ஆட்டினார். "எங்க மூணு பேருக்கு அது போதும். மத்த காத்தாடில ஏறுறவங்களுக்கு? அதச் சொல்லணும்னுதான ஒங்கள மேல கூப்பிட்டோம். எழுதுங்க மேடம். எங்க பேரையும் போடுங்க. வேலை போனா போகுது, எனக்கு மளிகைக்கடை நடத்தத் தெரியும். இவனுக்குத்தான் கஷ்டம், வாயத் தவிர ஒண்ணும் கிடையாது."

அன்று மாலை விளக்கு வைத்த பிறகு மங்கை பழைய உத்தரவைக் கிழித்துவிட்டுப் புதிய அறிக்கை எழுதினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள். கடைசியில் ஒரு பட்டியல் வேண்டும்: பட்டை இயங்காத நிலையில் உயரத்தில் இருந்தவர்கள். 'எவராயினும்' என்ற சொல்லை ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் பெயராகத் தன் பெயரை எழுதினாள். இரண்டாவதாகச் செண்பகவல்லி, அடுத்து முறை மாற்றி ஏறிய மற்ற இருவர். வாரிய அதிகாரியின் பெயர் பட்டியலில் வந்தால் உடனே நீக்க முடியாது. விசாரணை வைத்தே ஆக வேண்டும். விசாரணையில் குழுவும் பேசலாம். ஆனால் முடிவு எதிராகப் போனால் பதினெட்டு வருட உத்தியோகமும் அதோடு போய்விடும்.

இரண்டு மாதம் கழித்து விசாரணை நடந்தது. வாரியத்தின் பன்னிரண்டாவது மாடி. கண்ணாடிச்சுவர் மின்தூக்கியில் ஏறும்போது செண்பகவல்லி, "இதுக்குப் பட்டை குடுக்க மாட்டாங்களா மேடம்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

நீண்ட மேஜையின் தலைப்பக்கத்தில் வாரியத் தலைவர் அறவாழி. கண்டிப்பானவர். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு விதியை உரக்க வாசித்தார். "எவராயினும். இது உங்கள் எழுத்துதானே அம்மா?"

"என் எழுத்துதான் ஐயா."

"பயந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயந்தவர் சொல்வதைப் பாதுகாப்பு விதியாக எப்படி எடுத்துக்கொள்வது?"

அவளுக்கு எல்லாப் பதிலும் தெரியும். இரவெல்லாம் எழுதி வைத்திருந்தாள். ஆனால் நாக்கு வறண்டுவிட்டது. மேஜைமேல் வைத்திருந்த கை நடுங்கியது. அதை மடிக்குள் ஒளிக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஊழியர் தேநீர் கொண்டு வந்து ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கோப்பையை வைத்தார். தலைவர் தன் கோப்பையை எடுத்தார்.

செண்பகவல்லி குனிந்து மெதுவாகக் கேட்டாள். "இன்னைக்கு யாரு மேடம்?"

மங்கை நடுங்கும் கையை ஒளிக்காமல் மேஜைமேலேயே வைத்தாள். "நான்தான்" என்றாள்.

மூன்று பேரும் தங்கள் கோப்பையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"குடியுங்கள், ஆறிவிடும்" என்றார் தலைவர்.

"மேடம் மொதல்ல குடிக்கட்டும் ஐயா" என்றார் தாணுமாலயன் பணிவாக. "எங்க எல்லாருக்கும் சேத்து இன்னைக்கு அவங்கதான் பயப்படுறாங்க."

உதட்டருகே போன கோப்பை அங்கேயே நின்றது. தலைவர் அந்த மூன்று முகங்களையும் பார்த்தார். மங்கையின் கையைப் பார்த்தார். எதிரே விரித்துக் கிடந்த கொக்கிப் பதிவையும், அதன் ஆறு நிமிடங்களையும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு சத்தம் வராமல் தன் கோப்பையைத் திரும்பத் தட்டில் வைத்தார். பக்கத்திலிருந்த மற்ற இரு உறுப்பினர்களும் வைத்துவிட்டார்கள்.

மங்கை இரண்டு கைகளாலும் கோப்பையை எடுத்தாள். கொஞ்சம் மேஜையில் சிந்தியது. ஒரு வாய் குடித்தாள்.

"இப்போது சொல்லுங்கள் அம்மா" என்றார் தலைவர். "மெதுவாகச் சொல்லுங்கள்."